ஈஸ்ட்ரோஜனை அடக்கினால்தான் தசை வருமா?

கேள்வி: ஸ்டீரொயிட் ஊசி போடுகிறேன். ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்குரியதாம், அதை முற்றாக நிற்பாட்டினால்தான் உடம்பு ஏறும் என்று ஜிம்மில் அனஸ்ட்ரசோல் குளிசை தந்தார்கள். இரண்டு கிழமையாக முழங்காலும் தோள்மூட்டும் நோகின்றன. (கொக்குவில்)

பதில்: தம்பி, அந்தப் பேச்சு பிழை. கொழுப்புத் திசு, எலும்பு, மூளை ஆகியவற்றில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதியம் டெஸ்டொஸ்டிரோன் என்னும் ஆண் ஹோர்மோனில் சிறு பங்கை, ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையான எஸ்ட்ராடியோலாக மாற்றுகிறது. அனஸ்ட்ரசோல் இந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்து. தசையைப் பருக்கவைப்பது பெரும்பாலும் டெஸ்டொஸ்டிரோன்தான். ஆனால் வளர்ச்சி ஹோர்மோன் கூடுவதற்கு எஸ்ட்ராடியோலும் வேண்டும். ஆண்களில் செய்து 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், டெஸ்டொஸ்டிரோன் குறைந்தபோது தசையும் பலமும் குறைந்தன. ஈஸ்ட்ரோஜன் குறைந்தபோது உடற்கொழுப்பு கூடியது. பாலுணர்வு இரண்டிலும் தங்கியிருந்தது. அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்குக் காதுத் தோலின் கீழ் வைக்கும் மருந்திலேயே ட்ரென்பொலோன் என்னும் ஸ்டீரொயிட்டுடன் எஸ்ட்ராடியோலையும் சேர்க்கிறார்கள். எதிரியென்றால் சேர்ப்பார்களா?

மூட்டு நோ அனஸ்ட்ரசோலின் தெரிந்த பக்கவிளைவு. நீடித்தால் எலும்பும் தேயும். இரத்தத்தில் எஸ்ட்ராடியோல் அளவு பார்க்காமல் அந்தக் குளிசையைத் தொடர வேண்டாம். வளர்ந்த ஆணுக்கு எஸ்ட்ராடியோல் ஏறத்தாழ 10–40 பிகோகிராம்/மில்லிலீற்றர். அறிக்கை பிகோமோல்/லீற்றரில் வந்தால் 3.67ஆல் பிரித்துப் பாருங்கள். ஆண்களின் குறைந்த அளவுகளைச் சாதாரண முறைப் பரிசோதனை பிழையாகக் காட்டக்கூடும். இன்னும் துல்லியமான திணிவு நிறமாலை (mass spectrometry) முறையில் செய்வார்களா என்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். கூடவே கொலஸ்ட்ரோல், ஈரல், ஹிமற்றோக்கிரிட் (இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் பங்கு) மூன்றும். ஊசி போடுவதை வைத்தியரிடம் மறைத்தால் அறிக்கையைச் சரியாக வாசிக்க அவரால் முடியாது.

கேள்வி: முலைக்காம்பின் கீழ் நோவுடன் சிறு கட்டி. தானாகப் போகுமா? (நெல்லியடி)

பதில்: ஸ்டீரொயிட் போடுபவரென்றால், அதிலிருந்து கூடும் ஈஸ்ட்ரோஜனால் மார்புச் சுரப்பி வளர்வதாக இருக்கலாம். தொடக்கத்திலேயே ஸ்டீரொயிட்டை நிறுத்தினால் வற்றக்கூடும். தேவையானால் மார்பில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் தமொக்சிபென் என்ற மருந்தை வைத்தியர் எழுதுவார். ஒரு வருடம் போனால் நார்த்திசுவாக இறுகிவிடும், பிறகு சத்திரசிகிச்சைதான். ஒரு பக்கம் மட்டும் கல்லுப்போல் இருந்தாலோ இரத்தம் கசிந்தாலோ இந்தக் கிழமையே காட்டுங்கள்.

கேள்வி: ஸ்டனொசொலோல் என்ற ஸ்டீரொயிட் ஈஸ்ட்ரோஜனாக மாறாதாமே, அப்போ பயமில்லையா? (சாவகச்சேரி)

பதில்: மாறாதது உண்மை. ஆனால் உங்கள் சொந்த டெஸ்டொஸ்டிரோன் சுரப்பை அது அடக்கும். அதோடு அந்த டெஸ்டொஸ்டிரோனிலிருந்து வரும் எஸ்ட்ராடியோலும் விழும். நல்ல கொலஸ்ட்ரோலும் விழும், ஈரலும் பாதிக்கப்படும்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. பையில் ஊசி மருந்து கண்டேன். (திருநெல்வேலி)

பதில்: அம்மா, எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன். டெஸ்டொஸ்டிரோன் ஊசியால் அது கூடினால் தட்டு முந்தி மூடி, உயரம் நின்றுவிடும், மூடினது திறக்காது. ஏசாமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு மகனை வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.