கொத்துமிளகாய் இலை கீழ்நோக்கிச் சுருண்டால்: கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

வணக்கம் சகோதரி. கொழுந்து இலை ஒடுங்கிக் கீழ்நோக்கிச் சுருள்கிறது, பூ கொட்டுகிறது, வேப்பெண்ணெய் அடித்து ஏபி உரத்தையும் (ஏ, பி என இரண்டு கரைசலாக வரும் உரம்) இரட்டிப்பாக்கினீர்கள் என்கிறீர்கள். இது உரக் குறைவு இல்லை. முரணைச் சிலந்தியின் (வலை பின்னும் சிலந்தி அல்ல, இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய உயிரி) வேலைபோலத் தெரிகிறது. இலைப்பேன் என்றால் இலை மேல்நோக்கிப் படகுபோல மடியும். இந்தச் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது. இலையின் அடிப்பக்கம் வெண்கல நிறத்தில் பளபளக்கிறதா, பாருங்கள்.

உரத்தைப் பழைய அளவுக்குக் குறைத்து, செடித் தொட்டிக்கு அடியில் ஒழுகும்வரை ஒருமுறை வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே விடவேண்டாம்.

அடுத்தது, தண்ணீரில் கரையும் 80% கந்தகத் தூள். 2 லிட்டருக்கு 5 கிராம். சுங்கை பூலோ நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள்: எண்ணெய் அடித்து 2 வாரம் ஆகாமல் கந்தகம் பட்டால் இலை கருகும். கோலாலம்பூர் மதிய வெயிலிலும் அதே கதிதான். மழையில்லாத மாலையில், முக்கியமாக இலையின் அடியிலும் கொழுந்திலும் படும்படி அடியுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். 7 நாள் கழித்து இன்னொரு முறை.

சுருண்ட இலை நிமிராது. புதுத்துளிர் நேராக வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பக்கத்தில் கத்திரி இருந்தால் அதன் இலையையும் புரட்டிப் பாருங்கள், வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டே இந்தச் சிலந்தி செடிக்குச் செடி தாவும்.