ரீச் பதிவுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: ஆம்பூரில் தோல் கைப்பை தைத்து ஏற்றுமதி செய்கிறோம். ஜெர்மனி பையர், ஐரோப்பிய ஒன்றியத்தின் ரசாயனச் சட்டமான ரீச்சின்படி 'ரீச் சான்றிதழ்' கேட்கிறார். ஓர் உறுதிமொழிப் படிவத்தையும் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய ரசாயன முகமையில் பதிவு செய்து தருவதாக ஒரு ஏஜென்ட் பெரிய தொகை சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். 2006ஆம் ஆண்டின் ரீச் சட்டப்படி பதிவு ரசாயனத்துக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஆண்டுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் தலையில் விழுவது அது. கைப்பைக்குப் பதிவு பொதுவாகத் தேவையில்லை. ஹெல்சிங்கி முகமை பைக்கென்று சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. பையர் கேட்பது அநேகமாக ஆய்வக அறிக்கையாக இருக்கும். எந்தெந்தச் சோதனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தோலுக்கு முதல் கவலை குரோமியம் 6, ஒவ்வாமை தரும் குரோமிய வகை. உடலில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே, 2015 மே 1 முதல் அங்கே விற்க முடியாது. டேனரியில் தோலைப் பதனிடப் போடுவது குரோமியம் 3தானே என்பீர்கள். சரி, ஆனால் சூட்டிலும் வறண்ட காற்றிலும் கிடந்தால் அது 6ஆக மாறக்கூடும்; கொழுப்பூட்டும் எண்ணெய் சரியில்லை என்றால் இன்னும் சீக்கிரம். இங்கே பாஸான தோல் அங்கே ஃபெயிலாவது இப்படித்தான். வெப்பத்தில் முதுமைப்படுத்திய பிறகும் சோதிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஜிப்பைப் பாருங்கள். ரீச்சின்படி மிகுந்த கவலைக்குரிய ரசாயனங்களின் பட்டியலில் உள்ளது எதுவும் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் பையரிடம் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கு முழுப் பையின் எடைக்கு அல்ல, ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்துவிட்டது. ஜிப்பின் நுனியில் தொங்கும் பிளாஸ்டிக் துண்டில், பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்களில் பட்டியலில் உள்ள ஒன்று அந்த அளவைத் தாண்டினால் போதும், மாட்டிக்கொள்வீர்கள்.

உண்மையில் என்னைக் கவலைப்படுத்துவது அந்தப் படிவம். அங்குள்ள அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இறக்குமதியாளர். 'எந்த இழப்புக்கும் சப்ளையரே பொறுப்பு' என்ற வரியில் கையெழுத்துப் போட்டால் அவர் சுமை உங்களுக்கு மாறிவிடும். நம் ஒப்பந்தச் சட்டத்தின் 124ஆம் பிரிவும் அத்தகைய ஈட்டுறுதியை ஏற்கிறது. பொறுப்பை இன்வாய்ஸ் தொகைக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். பட்டியல் ரசாயனம் எதுவும் 'இனி எப்போதும்' இருக்காது என்று இருந்தால் அடித்துவிட்டு, இன்ன தேதியின் பட்டியல்படி என்று எழுதுங்கள்; பட்டியல் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நீள்கிறது. தகராறு எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்ற வரியையும் படியுங்கள்.

டேனரியிடமும் ஜிப் சப்ளையரிடமும் இதே வாசகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். இல்லாவிட்டால் சரக்கு திரும்பி வரும்போது நஷ்டத்தைக் கேட்க உங்களுக்கு ஆளிருக்காது.