யேட்ஸ் தலைமை வகித்த நாணயக் குழு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் தேசியக் கவியான யேட்ஸ் செனட்டராகவும் இருந்தார் என்று படித்தேன். நோபல் வாங்கியவருக்கு மரியாதைக்காகப் போட்ட நாற்காலிதானே அது? அவர் செய்த வேலை என்று ஏதாவது உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் வந்தது செனட். அவர் நியமிக்கப்பட்டது 1922 டிசம்பரில், நோபல் அறிவிப்பு 1923 நவம்பரில். பிரிட்டிஷ் அரசு 1915இல் தர முன்வந்த சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செனட்டர் யேட்ஸ் என்றதும் மணவிலக்குத் தடையை எதிர்த்து 1925இல் அவர் ஆற்றிய உரையைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து அப்போதுதான் விடுபட்ட புதிய நாட்டின் நாணயங்களுக்கு வடிவம் தேர்ந்தெடுக்க 1926இல் அமைத்த குழு. அதன் தலைவர் யேட்ஸ். அரசு விதித்தவை மூன்று: ஒரு பக்கம் யாழ், எழுத்து ஐரிஷ் மொழியில், இக்கால மனிதர் யாருடைய தலையும் கூடாது. மற்றதைக் குழு முடிவு செய்தது. மூவிலைச் செடி, வட்டக் கோபுரம் போன்ற தேய்ந்த சின்னங்களை ஒதுக்கி, உழவு நாட்டுக்கு உரிய விலங்குகளையும் பறவைகளையும் எடுத்துக்கொண்டார்கள். பென்னிக்குக் குஞ்சுகளோடு கோழி, அரை பென்னிக்குக் குட்டிகளோடு பன்றி, ஷில்லிங்குக்குக் காளை, ஃபுளோரினுக்கு சால்மன் மீன், அரை கிரவுனுக்குக் குதிரை என மொத்தம் எட்டு. பழைய கிரேக்க நாணயங்களின் படங்களைச் சிற்பிகளுக்கு மாதிரியாக அனுப்பினார்கள். ஏழு பேர் போட்டியிட்டார்கள். ஆளுக்கொரு நாணயம் என்று பிரித்துக் கொடுத்தால் எட்டும் ஒரு குடும்பமாகத் தெரியாது. அதனால் முழு வரிசையையும் ஒருவரிடமே கொடுத்தார்கள். தேர்வானவர் பெர்சி மெட்காஃப், ஆங்கிலேயர்! வேலையை மட்டும் பார்த்த அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. வேளாண் துறை வல்லுநர்கள் காளையும் பன்றியும் நல்ல இனத்துக்குரிய உடல்வாகில் இல்லை என்றார்கள். சந்தையில் விலைபோகும் வடிவத்துக்குத் திருத்த வேண்டியதாயிற்று. பன்றியின் உருண்டைக் கன்னம் போயிற்று, அதோடு நிமிர்ந்திருந்த தலையும் போயிற்று. யேட்ஸ் இதற்கு வருந்தி எழுதியிருக்கிறார். அவர் வருந்தியது நியாயம் என்றே நினைக்கிறேன். ஓவியம் கால்நடைக் கண்காட்சிக்கு நிறுத்தும் விலங்கல்ல.

நாணயங்கள் 1928 டிசம்பர் 12 அன்று புழக்கத்துக்கு வந்தன. அதற்குள் அவருடைய செனட் காலம் முடிந்திருந்தது. அந்த சால்மன், பின்னாளில் 10 பென்ஸ் காசுக்கு மாறி, 2002இல் யூரோ வரும்வரை அயர்லாந்துக்காரர்களின் சட்டைப்பையில் கிடந்தது.