மெயின் பேண்டுக்கு முன்னால் வாசிக்கும் குழுக்களுக்காகச் சீக்கிரம் போகத்தான் வேண்டுமா?

கேள்வி இதுதான்: இப்போதுதான் பெயர் எடுத்துவரும் ஒரு பாப்-ராக் குழுவின் ஷோவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்கு முன்னால் கேள்விப்பட்டேயிராத இரண்டு குழுக்கள் வாசிக்கப் போகின்றன. அவை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் போதாதா?

போதாது என்பேன். சின்ன மேடைகளில் கொஞ்ச காலம் கேபிள் இழுத்தவன் நான், அதனால் இந்த விஷயத்தில் ஓப்பனிங் பேண்டுகள் பக்கம்தான் பேசுவேன். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"ஓப்பனிங் பேண்ட் எப்போதும் சுமாராகத்தான் இருக்கும்" என்று பலரும் சொல்வதற்குப் பாதிக் காரணம் சவுண்ட் செக், அதாவது ஷோவுக்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் வாசித்துப் பார்த்து ஒலியைச் சரிசெய்வது. அது தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் வாசிக்கும் மெயின் பேண்ட்தான் மதியமே முதலில் செக் பார்க்கும். முதலில் வாசிக்கும் குழுவுக்குக் கடைசி முறை. செக் முடித்ததும் தங்கள் பொருட்களை அப்படியே மேடையில் விட்டுவிட்டு, கதவு திறந்து கூட்டம் வந்ததும் அவர்கள் தொடங்கலாம் என்பது ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மெயின் பேண்டின் செக் இழுத்துக்கொண்டே போகும். வெட்டு விழுவது கடைசியில் நிற்பவர்கள் நேரத்தில்தான். பல நாள் அவர்களுக்குக் கிடைப்பது லைன் செக் மட்டும். ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான், அடுத்தது நேராக முதல் பாட்டு.

அதனால் முதல் பாட்டில் குரல் கிட்டாருக்குள் மூழ்கிப் போனால் பாடகரைத் திட்டாதீர்கள். மிக்ஸரில், அதாவது எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து சரிசெய்யும் கருவியில் இருப்பவர் அந்தக் குழுவை அப்போதுதான் முதல்முறை முழுசாகக் கேட்கிறார். போதாக்குறைக்கு, காலி அரங்கில் செட் பண்ணிய சவுண்ட் ஆட்கள் நிறைந்ததும் மாறிவிடும், மனித உடம்பும் துணியும் உச்ச ஸ்தாயி ஒலிகளை உறிஞ்சிக்கொள்வதால். இரண்டாவது பாட்டில் குரல் மேலே வரும், மூன்றாவதில் பேஸும் டிரம்ஸும் தனித்தனியாகப் பிடிபடும். அதற்குப் பிறகு அவர்களை எடைபோடுங்கள்.

இடமும் குறைச்சல்தான். மெயின் பேண்டின் டிரம் செட்டைப் பெரும்பாலும் நகர்த்த மாட்டார்கள். அதற்கு முன்னால் மிச்சமிருக்கும் ஒரு துண்டு மேடையில் நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சில நாள் எல்லோருக்கும் ஒரே டிரம் செட். அப்போதும் ஸ்நேர் (நடுவில் இருக்கும் சின்ன டிரம்), சிம்பல் (உலோகத் தட்டு), கிக் பெடல் (பெரிய டிரம்மை அடிக்கும் கால்மிதி) மூன்றையும் அந்தந்த டிரம்மரே கொண்டுவருவார். கடைசிப் பாட்டு முடிந்த கையோடு, வியர்வையைக்கூடத் துடைக்காமல் அவர் சிம்பல் திருகைக் கழற்றுவதைக் கவனியுங்கள். அடுத்த குழு ஓரத்தில் தன் சிம்பல்களோடு தயாராக நிற்கும். எனக்கு ஷோவில் பாதி சுவாரசியம் இந்த இடைவெளியில்தான்.

சரி, பெயர் தெரியாதவர்களுக்காக இவ்வளவு ஏன் மெனக்கெட வேண்டும்? 1963 தொடக்கத்தில் ஹெலன் ஷாப்பிரோ என்ற பதினாறு வயதுப் பாடகிதான் சுற்றுப்பயணத்தின் நட்சத்திரம், பீட்டில்ஸ் அவருக்குத் துணையாக வாசித்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற குயீன் 1973இல் மாட் த ஹூப்பிள் என்ற ராக் குழுவுக்கு முன்னால் மேடை ஏறியது. பொருந்தாத ஜோடிகளும் உண்டு. 1967 ஜூனில் அமெரிக்காவின் மான்டரே இசை விழா மேடையில் கிட்டாருக்குத் தீ வைத்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், அடுத்த மாதமே டிவி தொடருக்காக உருவான மங்கீஸ் என்ற பாப் குழுவின் ஓப்பனிங். கூட்டம் அவர் வாசிக்கும்போதே மங்கீஸைக் கேட்டுக் கத்தியது, சில ஷோக்களிலேயே அவர் விலகிவிட்டார். அந்தக் கூட்டத்தில் நாமும் நின்றிருந்தால் கத்தியிருக்க மாட்டோம் என்று என்ன நிச்சயம்?

எல்லா ஓப்பனிங் பேண்டும் நாளைய குயீன் என்று சொல்லவில்லை. பெரும்பாலானவை இல்லை. சில நேரம் மெயின் பேண்டே ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கிறது, சில நேரம் ஏற்பாட்டாளரோ கம்பெனியோ திணிப்பது. காசு கொடுத்து இடம் வாங்குவதும் நடக்கிறது. பிடிக்காவிட்டால் வெளியே போய்க் காற்று வாங்குங்கள், அரை மணி நேரத்தில் அவர்கள் முடித்துவிடுவார்கள். பிடித்துவிட்டால் டிஷர்ட் விற்கும் மேசைக்குப் போங்கள். அவர்களேதான் அங்கே நின்று விற்றுக்கொண்டிருப்பார்கள். வளரும் குழுவுக்கு அந்த விற்பனை பெரிய கைத்தாங்கல்.

சீக்கிரம் போவதில் ஒரு நிஜமான பாதகம் உண்டு. மூன்று குழுவையும் கேட்டால் காது கூடுதல் நேரம் வேலை செய்கிறது. அமெரிக்கப் பணியிட ஆய்வு நிறுவனமான நியாஷ் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான் வருகிறது. ராக் ஷோவில் 100 சாதாரணம். ஒரு ஜோடி காதடைப்பான் பையில் இருக்கட்டும். இசைக்காகவே செய்தவை சத்தத்தை மட்டும் குறைக்கும், பாட்டை மந்தமாக்காது. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒட்டி நிற்பதைவிட மிக்ஸர் மேசைக்கு முன்னால் நில்லுங்கள். அந்த இடத்தில் கேட்பதை வைத்துத்தான் மிக்ஸரில் இருப்பவர் சவுண்டையே சரிசெய்கிறார்.

வேலை முடிந்து ஓடிவர வேண்டியிருக்கிறது, இரண்டில் ஒரு குழுவைத்தான் பிடிக்க முடியும் என்றால் இரண்டாவதைப் பிடியுங்கள். பொதுவாகக் கொஞ்சம் தேறிய குழுவைத்தான் மெயின் பேண்டுக்கு அடுத்தாற்போல வைப்பார்கள், அரங்கும் அதற்குள் பாதி நிறைந்திருக்கும்.