எடை அதிகமான பிள்ளைக்குத் தாவரப் புரதப் பவுடர் கொடுத்தால் குடலுக்கு நல்லதா?

பையனுக்குப் பத்து வயது, எடை அதிகம். பட்டாணிப் புரதப் பவுடர் கொடுத்தால் குடலும் சீராகும், எடையும் குறையும் என்கிறார்களே, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை என்பதுதான் என் பதில்.

குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு முக்கியத் தீனி நார்ச்சத்து. அதை நொதிக்க வைத்து அவை பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். பட்டாணியிலிருந்து புரதத்தைத் தனியாகப் பிரிக்கும்போது அந்த நாரில் பெரும்பகுதி போய்விடுகிறது. செரிக்காமல் மிஞ்சிய புரதம் பெருங்குடலுக்குப் போனால் அமோனியா, ஹைட்ரஜன் சல்பைடு மாதிரியான வேண்டாத சரக்கும் உண்டாகும்.

தேவையும் பெரிதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி 10–12 வயதுப் பையனுக்கு நாளைக்கு 32 கிராம் புரதம். ஊறவைக்கும் முன் 50 கிராம் எடையுள்ள கொண்டைக்கடலையிலேயே சுமார் 10 கிராம் கிடைத்துவிடும், நாரோடு சேர்த்து. மீதியைப் பருப்பு, முட்டை, தயிர் பார்த்துக்கொள்ளும்.

சுண்டலை பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொடுங்கள், அதற்கு மேல் கூடுதலாக அல்ல. (பவுடரிலும் கலோரி உண்டு, டப்பாவின் முன்பக்கத்தில் அதைத் தேடாதீர்கள்.) வாயுத் தொல்லை வந்தால், இரவெல்லாம் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அப்புறம், அளவை மெதுவாகக் கூட்டுங்கள்.