நூறு பந்தும் ஒரு பந்தும் – கடிதம்

அன்புள்ள அண்ணைக்கு,

பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது பற்றி, படிக்கும்போது வரும் திருப்தியை நம்ப வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் விஷயம் உங்களுக்குப் பகிடியாக இருக்கலாம். கனடாவில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு உடுவிலுக்குத் திரும்பி வந்தவன் நான். அங்கே வேலைத்தலத்து நண்பர்களோடு கோல்ஃப் பழகினேன். அந்தப் பைத்தியமும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

பின்வளவில் வலை கட்டி, பாய் விரித்து, ஒவ்வொரு பின்னேரமும் ஏழாம் நம்பர் அயர்ன் ஸ்டிக்கால் நூறு பந்து அடிக்கிறேன். ஃபோனில் படம் பிடித்து, ஸ்லோமோஷனில் பார்த்துத் திருத்துகிறேன். கடைசி ஐம்பது பந்தும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் சரியாகப் படும். ஆனால் மாதத்தில் ஒருநாள் திருகோணமலை சீனக்குடா மைதானத்துக்குப் போனால் முதல் பந்தே பற்றைக்குள். ஒரு முழு ஆட்டத்தை 100 அடிக்குக் கீழே முடித்தது இரண்டே தடவைதான். ஆறேழு அடித் தூரத்தில் நிற்கும் பந்தைக்கூடக் குழியில் போட முடிவதில்லை. என் மனைவி சொல்கிறா: "உங்களுக்குக் கை சரி, மனம்தான் சரியில்லை." தியானம் பழகவா? 57 வயதில் இது இனித் திருந்துமா?

இன்னொன்று. யாழ்ப்பாணத்திலேயே ஒரு சின்ன மைதானம் போட நம்மவர்கள் சிலர் யோசிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சி.க., உடுவில்

அன்புள்ள சி.க.,

சிரிக்கவில்லை. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில், கூட வேலை செய்த ஒருவரின் பழைய பையைத் தூக்கிக்கொண்டு நானும் கொஞ்சக் காலம் திரிந்தவன். றோயல் கொழும்பு மைதானத்தின் நடுவால் களனிவெளி ரயில் பாதை போகிறது. அடிக்க நிற்கும்போது ரயில் வந்தால் அது போகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மண்டைக்குள் ஓடுவது இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் உங்கள் கடிதம் விளங்கும். நான் நல்ல ஆட்டக்காரனாக ஆகவில்லை. வருத்தம் என்னவென்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஆடினேன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரம்மாவின் தீர்ப்பு பாதி சரி. ஆனால் மனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் அந்த நூறு பந்தையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அதே அயர்ன், அதே பாய், அதே இடம். முதல் பந்து பிழைத்தால் இரண்டாவதில் திருத்துகிறீர்கள், இரண்டாவது பிழைத்தால் மூன்றாவதில். இருபது பந்து போவதற்குள் உடம்புக்கு யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. பிறகு அடிபடுவதெல்லாம் முந்திய பந்தின் நகல். கரம் போர்டில் ஒரே காயை ஒரே பொக்கற்றுக்கு முன்னால் வைத்து நூறு தரம் அடித்துவிட்டு, "எனக்குக் கரம் வரும்" என்று சொல்வது போலத்தான் இது.

மைதானத்தில் இரண்டாவது பந்து கிடையாது. ஒன்றை அடிக்கிறீர்கள், ஐந்து நிமிடம் நடக்கிறீர்கள், கூட வந்தவர் பந்து தேடும்வரை நிற்கிறீர்கள். பிறகு வேறு தூரம், வேறு சரிவு, வேறு அயர்ன், வேறு காற்று. ஆகவே ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்று பின்னேரம் வலைக்கு முன் போய், உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, அடிக்கும் முதல் பந்து எப்படி என்று மட்டும் ஒரு கொப்பியில் குறியுங்கள். நாளைக்கும் அப்படியே. ஒரு மாதத்துக்கு முதல் பந்துகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் உண்மையான ஆட்டம் அந்தப் பக்கத்தில் இருக்கும். கடைசி ஐம்பது பந்தும் உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் உற்சாகப் பரிசு.

இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. 1978-இல் கெர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் பயறு நிரப்பிய சின்னப் பைகளை இலக்கில் எறியப் பழக்கினார்கள். ஒரு கூட்டம் மூன்று அடித் தூரத்திலிருந்து மட்டும் எறிந்தது. மற்றக் கூட்டம் இரண்டு அடியிலும் நான்கு அடியிலும் மாறி மாறி எறிந்தது, மூன்று அடியைத் தொடவே இல்லை. கடைசியில் இரண்டு கூட்டத்துக்கும் மூன்று அடியில் சோதனை. வென்றது அந்தத் தூரத்தில் ஒருமுறைகூடப் பழகாத கூட்டம். அடுத்த வருடம் ஷே, மோர்கன் என்ற இருவர் செய்த பரிசோதனை இன்னும் பிரபலம். மூன்று விதமான கையசைவுகளை ஒவ்வொன்றாக முடித்து முடித்துப் பழகியவர்கள் பழகும்போது வேகமாக முன்னேறினார்கள். மூன்றையும் கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ், கலந்து பழகியவர்களுக்கே அது கையில் நின்றிருந்தது. பயிற்சி நேரத்தில் வரும் திருப்தியை நம்பக் கூடாது என்று அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் சொல்லிவிட்டன. மனப்பாடம் பற்றிய கட்டுரையில் நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான், ஆகவே நீங்கள் சரியான இடத்துக்குத்தான் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

சரி, உடுவிலில் என்ன செய்யலாம்? நூறை முப்பதாக்குங்கள். சீனக்குடாவின் முதல் குழி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வலைக்கு முன் நின்று அதை மனத்தில் விரியுங்கள். ட்ரைவரால், அதாவது தூரத்துக்கு அடிக்கும் நீண்ட ஸ்டிக்கால், ஒன்று. பாயை விட்டு இறங்கிக் கிணற்றடிவரை நடந்து திரும்பி வாருங்கள். இப்போது எட்டாம் நம்பர். மறுபடி நடை. இப்போது வெட்ஜ், கிட்டத் தூரத்துக்குத் தூக்கிப் போடும் ஸ்டிக். ஒரே அயர்னைத் தொடர்ந்து இரண்டு தரம் எடுக்கக் கூடாது என்பது மட்டும் சட்டம். முதல் கிழமை எரிச்சலாக இருக்கும், பந்து கண்டபடி போகும், பழைய நூறு பந்துக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றும். தோன்றட்டும். கைப்பிடி போல ஏதாவது ஒன்றைப் புதிதாக மாற்றும்போது மட்டும் ஒரே பந்தைப் பத்துத் தரம் அடிப்பதில் பிழையில்லை. அது பிடிபட்டதும் கலக்கத் தொடங்குங்கள். ஃபோன் படம் கிழமைக்கு ஒருநாள் போதும்.

வலைக்குள் எதைப் பழகினாலும் பந்து எங்கே விழும் என்று தெரியாது. அதற்கு ஒரு வாளி வேண்டும். முற்றத்தில் வாளியை வைத்து, பத்தடி, இருபதடி, மாமரத்துக்கு அந்தப் பக்கம், படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் என்று இடம் மாற்றி மாற்றி வெட்ஜால் தூக்கிப் போடுங்கள். மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் பந்து அப்படியே ஒட்டி நிற்கும், பங்குனி வெயிலில் காய்ந்த மண்ணில் துள்ளி வேலிவரை ஓடும். இரண்டிலும் பழகுங்கள். விழவேண்டிய இடத்தைக் கண்ணால் தெரிவுசெய்யும் பழக்கம் அங்கேதான் வரும். ஜன்னல் கண்ணாடிக்கு நான் பொறுப்பில்லை.

இனி மனத்துக்கு வருவோம்.

கோல்ஃபில் மனம் உடைவதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 1999 பிரிட்டிஷ் ஓப்பன், கார்னூஸ்டி மைதானம், பிரான்ஸ்காரர் ஜான் வான் டி வெல்ட். கடைசிக் குழிக்கு வரும்போது மற்றவர்களைவிட மூன்று அடி குறைவாக அடித்து முன்னிலையில் இருந்தார். நான்கு அடியில் முடிக்கவேண்டிய குழியை ஆறு அடியில் முடித்தாலும் கிண்ணம் அவருக்கே. அவர் ட்ரைவரை எடுத்தார். பந்து வலது பக்கம் விலகியது, ஆனாலும் தப்பித்தது. அடுத்ததைப் பாதுகாப்பாக முன்னால் தள்ளிவிடாமல் குழி இருக்கும் புல்தரையான கிரீனையே குறிவைத்தார். பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி வந்து நீண்ட புல்லுக்குள் விழுந்தது. மூன்றாவது அடியில் பந்து ஓடைக்குள். சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றாரே, அந்தக் காட்சி எல்லாருக்கும் தெரியும். பிறகு தண்டனை அடி, அதற்குப் பிறகு மணல் பங்கர். கடைசியில் ஏழு அடி, முன்னிலை போய்ச் சமநிலை. அதன்பின் நடந்த பிளே-ஓஃப்பில் ஸ்கொட்லாந்துக்காரர் போல் லோரி வென்றார்.

மனம் உடைந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் பங்கரிலிருந்து பந்தை வெளியே எடுத்து, சில அடித் தூரத்திலிருந்து பட்டரால், பந்தைத் தரையில் உருட்டும் ஸ்டிக்கால், நேராகக் குழிக்குள் போட்டார். உடைந்த மனத்துக்கு அது வராது. அவர் கோட்டை விட்டது அடிப்பதற்கு முந்திய கணங்களில், எதை அடிப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில். "மனப்பயிற்சி" என்று பெரிதாகப் பேசுவதில் பெரும்பகுதி இந்தத் தீர்மானம்தான் என்பது என் எண்ணம்.

கொழும்பில் எனக்கு அடிக்கடி வாய்த்த ஒரு கேடி, அதாவது ஆட்டக்காரரின் பையைத் தூக்கி வருபவர், இருந்தார். கறுத்து மெலிந்த மனிதர், வாயில் வெற்றிலை. அவரிடம் "ஏழாம் நம்பரைத் தாங்கோ" என்று கை நீட்டினால் தரமாட்டார். பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு, "சேர், பந்து எங்க விழோணும் எண்டு முதல்ல சொல்லுங்க, பிறகு ஸ்டிக் தாறன்" என்பார். "கிரீனில்" என்று சொன்னாலும் தப்ப முடியாது. "கிரீன்ல எங்க?" என்று அடுத்த கேள்வி வரும். பதில் சொல்லி முடிக்கும்போது பாதிப் பயம் போயிருக்கும். அவர் பெரிய உளவியல் எதுவும் படித்தவரல்ல. எனக்குக் கிடைத்த ஒரே உளவியல் ஆலோசகர் அவர்தான்.

நீங்கள் வலையில் இல்லாத ஒன்றை மைதானத்தில் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஃபோனில் பார்த்த மணிக்கட்டையும் தோளையும் இடுப்பையும் பந்துக்கு முன் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறீர்கள், இல்லையா? அமெரிக்க உளவியலாளர் சியான் பைலொக்கும் அவருடைய குழுவினரும் 2002-இல் பட்டரை வைத்தே இதைச் சோதித்தார்கள். அனுபவசாலிகளைத் தங்கள் கை அசைவைக் கவனிக்கச் சொன்னபோது ஆட்டம் கெட்டது. கவனத்தை வேறு ஒரு சத்தத்தின் மேல் திருப்பிவிட்டபோது ஒன்றும் கெடவில்லை. புதிதாகப் பழகுபவர்களுக்கு இது நேர்மாறு. கபிரியேலே வுல்ஃப் என்ற இன்னொரு ஆய்வாளர் புதியவர்களிடமே இன்னொன்றைக் கண்டார்: கையின் வீச்சைக் கவனித்தவர்களைவிடக் கையிலிருக்கும் ஸ்டிக்கின் வீச்சைக் கவனித்தவர்கள் நன்றாக அடித்தார்கள். ஆகவே உடம்புப் பாடம் முழுவதும் உடுவிலோடு நிற்கட்டும். சீனக்குடாவில் கண்ணுக்கு வேலை ஒன்றுதான், பந்து விழவேண்டிய இடம்.

அந்த ஆறேழு அடி விஷயம். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர், பந்து 43-க்குக் கொஞ்சம் கீழே. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடுபவர்களே எட்டு அடியிலிருந்து போடுவதில் ஏறத்தாழப் பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். காலையிலிருந்து மாலைவரை அதையே தொழிலாகச் செய்பவர்கள். நீங்கள் ஏழடியில் தவறவிட்டு உங்களையே திட்டிக்கொள்வது ஆட்டத்துக்கும் உதவாது, கணக்குக்கும் பொருந்தாது. அதோடு, கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி அந்தச் சுற்றின் இலட்சக்கணக்கான அடிகளை அலசிப் பார்த்ததில், நல்ல ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு நூறு யார் (கெஜம்) தூரத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் பந்துகளில்தான் என்று கண்டார். உங்கள் 100-ஐக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது பட்டர் அல்ல, அந்தப் பற்றை.

பற்றைக்கு இன்னொரு காரணமும் இருக்கும் போலிருக்கிறது. உடுவிலிலிருந்து சீனக்குடாவுக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். காரை விட்டு இறங்கி, முதுகை நிமிர்த்தி, தேத்தண்ணி குடித்துவிட்டு நேரே ட்ரைவரோடு போய் நிற்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். முடிந்தால் முதல்நாளே போய்த் தங்குங்கள். முடியாவிட்டால் ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போய் நடவுங்கள். முதல் குழியில் ட்ரைவரைத் தொடாமல் ஐந்தாம் நம்பரால் தொடங்கினால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

தியானம் நல்லதுதான். நித்திரைக்கு நல்லது, இரத்த அழுத்தத்துக்கு நல்லது, செய்யுங்கள். அதற்காக ஸ்கோர் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 57 வயது ஒரு வயதே இல்லை. தூரம் கொஞ்சம் குறையும், புத்தி குறையாது.

மைதானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் எதிர்ப்பேன். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அதில்தான் வெங்காயமும் புகையிலையும் செய்கிறோம். தோட்டத்துப் பசளையால் வலிகாமத்துக் கிணறுகளில் நைட்ரேற் கூடிக் கிடப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதே நிலத்தில் புல்லுக்குப் பசளை போட்டு, கோடை முழுவதும் தண்ணீர் இறைத்து, நாற்பது பேர் விளையாட நான் கையெழுத்துப் போடமாட்டேன். உங்கள் நண்பர்கள் கோபித்துக்கொண்டால் என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் பேசாமல் சீனக்குடாவுக்கே போய் வாருங்கள்.