இணையத்தில் வருமானம்: வாசகர் கேள்வி, மார்த்தாண்டத்திலிருந்து பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே தேனீ வளர்க்கிறோம். அதைப் பற்றித் தமிழில் ஒரு வெப்சைட் நடத்துகிறேன். ஓரளவு ஆட்கள் வந்து படிக்கிறார்கள். அமேசான் அஃபிலியேட் லிங்குகளும் (அதன் வழியாக யாராவது பொருள் வாங்கினால் எனக்குக் கமிஷன்) நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் கமிஷன் என்று ஒன்றும் பெரிதாக வரவில்லையே, ஏன்?
(வாசகி, குலசேகரம்)

பதில்: சகோதரி, உங்கள் வெப்சைட்டைப் பொறுமையாகப் படித்தேன். ரப்பர் துளிர்விடும் நேரத்தில் தேன் எப்படி வரத்து கூடும், பூவிலிருந்து இல்லாமல் இளந்தளிரின் காம்பில் ஊறும் இனிப்பைத் தேனீ எப்படி எடுக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அருமை. ஆனால் அதற்குக் கீழே மிக்ஸி, செல்போன் கவர், ஹெட்போன் என்று லிங்குகள். தேன் எடுக்கத் தெரிந்துகொள்ள வந்தவர் அதை ஏன் தொடப்போகிறார்?

அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது முகவலை, கையுறை, புகைப்பான், அடை சீவும் கத்தி. அதைக் கொடுங்கள். அதிலும் நீங்கள் கையில் எடுத்துப் பார்த்ததை மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று, இதை உங்களைப் போன்றவர்தான் சொல்ல முடியும். நம் பக்கத்தில் இந்தியத் தேனீக்கு வைப்பது நியூட்டன் பெட்டி, அதற்குள் தேனீ அடை கட்டும் மரச்சட்டம் சின்னது. ஆன்லைனில் வரும் சட்டமும் அடைத்தாளும் (அடை கட்டத் தொடங்க வைக்கும் மெழுகுத் தாள்) பல நேரம் இத்தாலியத் தேனீக்கான லாங்ஸ்ட்ராத் பெட்டியின் பெரிய அளவு. தெரியாமல் வாங்குகிறவர் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். திரும்பி வந்த பொருளுக்குக் கமிஷன் கிடையாது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், "இது நம் பெட்டிக்குச் சேரும்", "இது சேராது, வாங்க வேண்டாம்" என்று அளவோடு எழுதுங்கள். ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்ததிலிருந்து இந்த மண்ணில் சேர்ந்திருக்கும் அனுபவம் இது. "வாங்க வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவர் "வாங்குங்கள்" என்றால்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

நேரமும் முக்கியம். ஒருவர் உங்கள் லிங்கைத் தொட்டு அமேசானுக்குள் போனால், அவர் வாங்குவது உங்கள் கணக்கில் சேர்வது 24 மணி நேரம்தான். அதற்குள் கார்ட்டில் போட்டுவைத்தால் மட்டும், பிறகு வாங்கினாலும் கொஞ்ச நாள் வரை சேரும். ஆகவே வாங்கும் எண்ணத்தோடு வருகிறவருக்கு எழுத வேண்டும். தேன் காலம் தை பிறந்தால் சூடுபிடிக்கும். சாமான் பற்றிய கட்டுரை கார்த்திகையிலேயே தயாராக இருக்கட்டும். விலையைக் கட்டுரையில் எழுதி வைக்காதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது காட்ட வேண்டும். அதற்காக நீங்களே உங்கள் லிங்கில் வாங்கினால் செல்லாது.

அப்புறம், கட்டுரையின் தொடக்கத்திலேயே, "இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று தெளிவாகத் தமிழில் போடுங்கள். அமேசானும் இதைக் கேட்கிறது. பண ஆதாயம் இருந்தால் மறைக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டியும் வெளியிட்டிருக்கிறது. படிக்கிறவருக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதையும் அதுதான்.

1,000 ரூபாய் பொருளுக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் கைக்கு வருவது 50 ரூபாய். உங்கள் வீட்டுத் தேனை ஒரு கிலோ நேரடியாக விற்றால் அதைவிட மிச்சம் நிற்கும். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் பயன்படுத்த முறைப்படி பதிவு செய்துகொண்டு உங்கள் தேனையும் அதே பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று சொல்லி 5,000 ரூபாய் கட்டிச் சேரச் சொல்கிறார்கள். நான் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் பணம் திரும்ப வந்துவிடுமாம். சேரலாமா?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: வேண்டாம் தம்பி. ஒரு பைசா கட்டாதீர்கள். நிஜமான அஃபிலியேட் திட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது. அங்கே ஒரு பொருள் விற்கிறது, கடைக்காரர் தன் லாபத்தில் ஒரு பங்கை உங்களுக்குத் தருகிறார். இங்கே என்ன விற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு வரப்போவது நீங்கள் கூட்டிக்கொண்டு வரும் இரண்டு நண்பர்களின் பணம். ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் சுழற்றும் திட்டங்களை நம் நாட்டில் 1978லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளின் ஹாஸ்டல் பணம் இப்படிப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. யாராவது ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

கேள்வி: கமிஷனில் வரி பிடிக்கிறார்களே, அது போனது போனதுதானா?
(வாசகர், தக்கலை)

பதில்: இல்லை. ஒரு நிறுவனம் தரும் கமிஷன் நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பான் எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள்; கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.